அடுப்பேறாத இனிப்பும் கொக்கோ மரமும்



சொக்கலேட் என்ற சொல்லைக் கேட்டவுடன் பளபளக்கும் தாளும், கண்ணாடிப் பெட்டி வைத்த கடையும், எங்கோ தொலைவிலுள்ள பனிமலை நாடுகளும் நம் மனக்கண்முன் வந்து நிற்கின்றன. அது வாங்கி உண்ணும் பண்டமேயன்றிச் செய்து உண்ணும் பண்டமன்று என்றும், நம் மண்ணுக்கு உரியதன்று என்றும் ஓர் எண்ணம் நம்மிடையே வேரூன்றி விட்டது. ஆயினும், ரம்புக்கனையைச் சுற்றியுள்ள ஊர்களிலே, தென்னைக்கும் பாக்குக்கும் இறப்பருக்கும் நடுவே, அடிமரத்திலேயே காயை ஒட்டவைத்தாற்போல நிற்கும் சிறு மரங்களை நம்மிற் பலர் கண்டிருக்கின்றோம். பழுத்தால் மஞ்சளாகவோ செம்மையாகவோ மாறும் அந்தக் காய்தான் கொக்கோ. அதன் வெண்ணிறச் சதையைச் சப்பிவிட்டு விதையைத் துப்பிவிடும் சிறுவர்கள், தாம் துப்புவது சொக்கலேட்டின் மூலப்பொருள் என்பதை அறியார். அறியாமை அவர்களுடையதன்று, அவர்களுக்குச் சொல்லாத நம்முடையது.

மரத்துக்கும் சிறுவர்களுக்கும் இடையே இந்த இடைவெளி எவ்வாறு ஏற்பட்டது என்பதையும், அடுப்பின் துணையின்றி இனிப்புச் செய்யும் பழைய முறை ஒன்று அந்த இடைவெளியை எவ்வாறு நிரப்பக்கூடும் என்பதையும் இன்று ஆராய்வோம்.

கொக்கோவின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பெருங்காடு. எக்குவடோர் நாட்டில் ஏறத்தாழ 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட பாண்டங்களிலே கொக்கோவின் எச்சங்களை ஆய்வாளர் கண்டுள்ளனர். பிற்காலத்தில் மெக்சிக்கோவில் வாழ்ந்த மாயா மக்களும் அஸ்தெக்கு மக்களும் அவ்விதையை வறுத்து, கல்லில் அரைத்து, மிளகாயும் சோளமாவும் கூட்டி, நுரை பொங்க ஆற்றிக் குடித்தனர். அஸ்தெக்கு நாட்டுச் சந்தைகளில் விதையே நாணயமாகவும் வழங்கியது. சருக்கரை என்பது அதில் இல்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அதனைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்ற பின்னரே சருக்கரை அதனோடு சேர்ந்தது. அதற்குப் பிறகும் முந்நூறு ஆண்டுகள் வரை சொக்கலேட் பெரும்பாலும் குடிக்கும் பொருளாகவே இருந்தது. 1828இல் ஒல்லாந்து நாட்டு வான் ஹௌட்டன் குடும்பத்தார், அரைத்த கொக்கோவைப் பொறியில் இட்டு நசுக்கிக் கொழுப்பை வேறாகவும் தூளை வேறாகவும் பிரித்தனர். 1847இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஃபிரை நிறுவனத்தார் கடித்துண்ணும் கட்டியாக அதனை வார்த்தனர். 1875இல் சுவிற்சர்லாந்து நாட்டு டானியல் பீற்றர் பாலைச் சேர்த்தார். ஆகவே, இன்று நாம் "பழைமையான மேனாட்டு இனிப்பு" என்று மயங்கும் சொக்கலேட் கட்டிக்கு இருநூறு வயதுகூட நிறையவில்லை. எங்கள் எள்ளுருண்டைக்கு முன்னால் அது ஒரு கைக்குழந்தை!

இலங்கைக்குக் கொக்கோ ஆங்கிலேயர் ஆட்சியின் முற்பகுதியிலேயே வந்துவிட்டது. பேராதனைப் பூங்காவில் அது நெடுங்காலம் ஓர் அலங்கார விருந்தாளியாகவே நின்றது. துரைமாரின் கண்ணெல்லாம் அப்போது கோப்பியின் மீதே இருந்தது. 1869இல் கோப்பி இலைகளில் செம்மஞ்சட் பொடிபோன்ற நோய் தோன்றிப் பரவி, பத்திருபது ஆண்டுகளில் அந்தப் பயிரையே மண்ணோடு மண்ணாக்கியது. கடனில் மூழ்கிய தோட்ட உரிமையாளர் சிங்கோனாவைத் தேடினர்; தேயிலையைத் தேடினர்; தாழ்ந்த, வெப்பமான பள்ளத்தாக்குகளில் இருந்தோர் கொக்கோவைத் தேடினர். கண்டிக்கு அருகே தும்பறைப் பள்ளத்தாக்கில், பல்லேகலைத் தோட்டத்தின் டைட்லர் என்னும் துரை 1870களில் இதனைப் பெருமளவில் நட்டு வழிகாட்டினார். மாத்தளை, குருநாகல், கேகாலைப் பகுதிகளுக்கும் அது பரவிற்று. இலங்கைக் கொக்கோவின் விதை வெளிறிய உள்நிறமும் மென்மையான சுவையும் உடையதாகலின், இலண்டன் சந்தையில் அதற்கு உயர்ந்த விலை கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரப்பட்டையை அழுகச் செய்யும் நோய் வந்து பல தோட்டங்களை வாட்டியது. அதன்பின் கேகாலையின் சரிவுகளை இறப்பர் கைப்பற்றிக்கொண்டது. கொக்கோ ஊடுபயிராகவும் வீட்டுத்தோட்ட மரமாகவும் ஒதுங்கி நின்றுவிட்டது.

ரம்புக்கனை இந்த வரலாற்றின் வாயிற்படி போன்றது. கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் புகையிரதப் பாதை 1867இல் நிறைவுற்றது. சமவெளி முடிந்து கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கும் இடம் ரம்புக்கனை. நீராவி எஞ்சின் ஓடிய நாளில், மலையேறும் வண்டிக்கு இங்கேதான் துணை எஞ்சினைப் பூட்டுவார்கள். மேலே சென்றவை அரிசி மூட்டைகளும், தமிழகத்திலிருந்து வந்த எங்கள் முன்னோரும். கீழே வந்தவை கோப்பி, பின்னர் தேயிலை, அவற்றோடு கொக்கோ. கொக்கோவைப் பறித்து, உடைத்து, ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, வெயிலிற் காயவைத்து, சாக்கிற் கட்டிய கைகள் தொழிலாளருடையவை. சாக்கு கட்டியதோடு அவர்கள் பங்கு முடிந்தது. அந்த விதை என்ன பண்டமாகும், யார் வாயில் கரையும் என்பதைச் சொல்ல எந்தக் கங்காணிக்கும் நேரமில்லை. தேயிலையாவது தூசித் தூளாகத் தொழிலாளியின் கோப்பைக்குத் திரும்பி வந்தது. கொக்கோ அப்படியும் வரவில்லை.

இனி, மறுபக்கத்தைப் பார்ப்போம். வேகவைக்காமல், சுடாமல், இடித்தும் பிசைந்தும் இனிப்புச் செய்வது நம் மக்களுக்குப் புதிதன்று. தேனும் தினைமாவும் முருகனுக்கு உகந்த படையல் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில், ஊறவைத்த பச்சரிசியை இடித்துச் சருக்கரை கூட்டிப் பிசைந்து மாவிளக்கு ஏற்றுகின்றோம். திரி எரிந்து முடிந்ததும் அந்த மாவே பிரசாதம். தீ அதன் தலையில் எரிகின்றதே தவிர, மாவு வேகுவதில்லை! பழனிப் பஞ்சாமிர்தம் இன்னும் சிறந்த சான்று. மலைவாழைப்பழம், நாட்டுச் சருக்கரை, பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய், ஏலக்காய் ஆகியவற்றை ஒரு துளி நீரும் சேர்க்காமல் பிசைந்து செய்வது அது. 2019இல் இந்திய அரசின் புவிசார் குறியீடும் அதற்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்தாரின் எள்ளுப்பாகோ, வறுத்த எள்ளையும் உழுத்தம்மாவையும் சருக்கரையோடு உரலில் இடித்து எடுப்பது.

நம் மாவட்டத்திலேயே இதற்கு ஒரு புகழ்பெற்ற உடன்பிறப்பு உண்டு. கொழும்பு–கண்டி நெடுஞ்சாலையில் வறக்காப்பொலையைக் கடப்போர், வெள்ளைத் தாளிற் சுற்றி இருமுனையும் குஞ்சம் விட்ட தலகுலியை வாங்காமற் செல்வதில்லை. 'தல' என்றால் எள். 'குலி' என்றால் உருண்டை. நம் வைத்தியர் சொல்லும் குளிகையும் அச்சொல்லுக்கு உறவுதான். எள்ளையும் கருப்பட்டியையும் எண்ணெய் கசியுமட்டும் இடித்தால் தலகுலி ஆயிற்று. கருப்பட்டிக்கு இங்கே கித்துள் மரம் இருக்கின்றது. 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில், கித்துளின் இனிய சாற்றைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுப்பதை எழுதி வைத்துள்ளார். சிங்கள அயலாரும் நாமும் மொழியால் வேறுபட்டாலும் உரலால் ஒன்றுபட்டே இருந்திருக்கின்றோம்.

இவ்விரு வரலாறுகளையும் ஓர் உரலில் இட்டால் என்ன? அதுதான் இன்று பல வீடுகளில் நிகழத் தொடங்கியிருக்கின்றது. விதை நீக்கிய பேரீச்சம்பழம் 200 கிராம். மரமுந்திரிகைப் பருப்போ வறுத்துத் தோல் நீக்கிய கச்சானோ 100 கிராம். இனிப்பூட்டாத கொக்கோத் தூள் இரண்டு மேசைக்கரண்டி. ஒரு சிட்டிகை உப்பு. விரும்பினால் சிறிது கறுவாத் தூள். பருப்பை முதலில் கரகரப்பாக இடித்துக்கொள்க. பேரீச்சை காய்ந்திருந்தால் வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நீரை நன்றாக வடித்துவிடுக. வடிக்காவிட்டால் உருண்டை கூழாகும். பின்னர் பழத்தை இடித்து, பருப்பையும் தூளையும் சேர்த்து, கையில் ஒட்டாத பதம் வருமளவும் பிசைந்து, பாக்களவு உருட்டி, வறுத்த எள்ளிலோ தேங்காய்த் துருவலிலோ புரட்டி எடுத்தால் இருபது உருண்டைக்குக் குறையாது. பேரீச்சையின் பசையே பாகின் வேலையைச் செய்துவிடுகின்றது. பாகுப் பதம் தவறி உருண்டை கல்லாகும் என்ற அச்சம் இங்கே இல்லை.

இதிலுள்ள பொருள்களின் பயணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். மரமுந்திரிகை பிரேசில் நாட்டு மரம். போத்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்குக் கொணர்ந்தது. கச்சானும் தென் அமெரிக்காவில் பிறந்ததே. பேரீச்சை அரபு நாட்டுக் கப்பல்களில் வந்து, மாவனெல்லை முஸ்லிம் அன்பர்களின் நோன்பு துறக்கும் தட்டில் இடம்பெற்றது. கறுவா ஒன்றே இத்தீவின் சொந்தப் பிள்ளை. கருப்பட்டியை விட்டுப் பேரீச்சையைச் சொன்னது ஏன் என்று கேட்கலாம். கருப்பட்டியும் ஆகும், ஆனால் பழத்திலுள்ள நார்ச்சத்து அதில் இல்லை.

உடல்நலத்திற்கு ஏற்றது என்று எதனையும் எடுத்த எடுப்பிலே புகழ்வது எனக்கு உடன்பாடன்று. பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் இனிப்பே. நீரிழிவு உடையவர் இதனையும் எண்ணித்தான் உண்ணவேண்டும். ஆயினும் கடையில் விற்கும் மலிவான 'சொக்கலேட் சுவை'ப் பண்டங்களோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அவற்றிற் பலவற்றில் கொக்கோக் கொழுப்புக்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பும், முதலிடத்திற் சருக்கரையும் இருக்கும். உறையின் பின்புறத்தில் சிறிய எழுத்திற் பொறித்ததை உயர் வகுப்பு மாணவர்களை வாசிக்கச் செய்வது ஒரு நல்ல பாடம். நம் உருண்டையிலோ பருப்பின் புரதமும் கொழுப்பும் உண்டு. கச்சானின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதமே.

இது நாவின் ஆசையைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. 2016ஆம் ஆண்டின் தேசிய மக்கட்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். தோட்டப்புறத்தில் அந்த எண் ஏறத்தாழ 32. காலைப் பிரட்டுக்கு விரையும் தாய் பிள்ளைக்குச் சாயத் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்தனுப்புகின்றாள். இடைவேளையில் அப்பிள்ளையின் சில்லறை வண்ணம் பூசிய இனிப்புக்குப் போகின்றது. இரண்டு உருண்டை இந்தக் கணக்கை மாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அது கூலியோடும் வீட்டோடும் கிணற்றோடும் பின்னிய கணக்கு. ஆனால் அந்தச் சில்லறை எங்கே போகவேண்டும் என்பதையாவது வீட்டில் தீர்மானிக்கலாம். மரமுந்திரிகையின் விலை தொழிலாளர் வீட்டுக்கு எட்டாது. ஆகையால் கச்சானையே நான் முன்னிறுத்துகின்றேன். பூஞ்சணம் பிடித்த, கசக்கும் கச்சானை இரக்கமின்றி எறிந்துவிட வேண்டும். அதில் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு உண்டு. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு முழுப் பருப்பு தொண்டையிற் சிக்கும். நன்றாக அரைத்தே தருக. பருப்பு ஒவ்வாத பிள்ளைகளும் உளர் என்பதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்க.

கொக்கோத் தூளும் விலை ஏறியதே. உலகக் கொக்கோவிற் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்னும் இரு மேற்கு ஆபிரிக்க நாடுகளில் விளைகின்றது. அங்கே விளைச்சல் தவறியதால் 2024இல் உலகச் சந்தையில் ஒரு தொன் விலை பத்தாயிரம் அமெரிக்க டொலரைத் தாண்டிற்று. அப்படியானால் வேலியோரத்து மரத்தைத் திரும்பிப் பார்க்கலாம் அல்லவா? நன்றாகப் பழுத்த காய்களை உடைத்து, சதையோடு கூடிய விதைகளை வாழையிலை விரித்த பெட்டியில் இட்டு மூடி, இரண்டு நாளுக்கு ஒருமுறை கிளறி, ஐந்தாறு நாள் புளிக்க விடுக. இந்தப் புளிப்பு இல்லாமற் சொக்கலேட்டின் மணம் பிறப்பதில்லை. பின்னர் ஒரு வாரம் வெயிலிற் காயவைத்து, இரும்புச் சட்டியில் இளந்தீயில் வறுத்து, தோலைப் புடைத்து நீக்கி, அம்மியில் அரைக்கலாம். அடுப்பேறாத இனிப்பு என்று தலைப்பிட்டுவிட்டு அடுப்பை மூட்டச் சொல்கின்றேனே என்று நகைக்க வேண்டா. தலகுலியின் எள்ளும் ஒருமுறை சட்டியைக் காண்பதுதான். இவ்வாறு அரைத்தது தூளாக உதிராது. விதையில் ஏறத்தாழ பாதி கொழுப்பு ஆதலால் கரிய விழுதாகத் திரளும். அந்த விழுதையே பேரீச்சையோடு கூட்டிப் பிசையலாம். தூள் சேர்த்ததைவிட உருண்டை மென்மையாக இருக்கும்.

ரம்புக்கனையின் மழையும் ஈரக் காற்றும் எந்தப் பண்டத்தையும் நெடுநாள் விட்டுவைப்பதில்லை. தேங்காய்த் துருவலிற் புரட்டியதை அன்றன்றே உண்டுவிடுக. எள்ளிற் புரட்டியதை, மூடியிறுகிய தகரப் பேணியில் இட்டு, நான்கு நாட்களுக்குள் முடித்துவிடுவது நலம்.