நகரும் காந்த முனையும் அடங்கும் வானொலியும்

மேலும் கீழுமாகச் சாயவல்ல ஒரு காந்த ஊசியைப் போத்தனூரில் நிறுத்திப் பாருங்கள். வடக்கு நுனி சற்றே தாழ, ஊசி ஏறக்குறையக் கிடையாகவே நிற்கும். காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே அருகில் செல்வதே காரணம். அதை ஆராயவே 1963இல் தும்பாவிலிருந்து ராக்கெட் ஏவப்பட்டது. அதே ஊசி செங்குத்தாக நிற்கும் இடங்களும் உண்டு. அவையே காந்த முனைகள்.

வட காந்த முனையை 1831இல் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் கனடாவின் வடகோடியில் கண்டார். தென் காந்த முனைப் பகுதியை 1909இல் டேவிட், மாசன், மக்கே ஆகிய மூவர் அண்டார்க்டிகாவின் பனிமேட்டில் அடைந்தனர். இன்று இரண்டும் அங்கே இல்லை. தென் முனை கடலுக்குள் சென்றுவிட்டது. வட முனை சைபீரியாவை நோக்கி நகர்கிறது. புவியின் உட்புறத்தில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டே இருப்பதன் விளைவு இது.

இதற்கும் வானொலிக்கும் என்ன தொடர்பு? சிற்றலைகள் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரம் செல்கின்றன. சூரிய வெடிப்பின் எக்ஸ் கதிர்களால் நம் ஊரிலும் பகலில் அவை சிறிது நேரம் அடங்குவதுண்டு. துருவப் பகுதியிலோ இந்த மௌனம் நாட்கணக்கில் நீடிக்கும். அங்கே காந்த விசைக்கோடுகள் தரையை நோக்கி இறங்குகின்றன. சூரியனிலிருந்து வரும் புரோட்டான்கள் அவ்வழியே புகுந்து, 100 கி.மீ. உயரத்துக்குக் கீழே எலெக்ட்ரான்களைப் பெருக்குகின்றன. அடர்ந்த காற்றில் மோதும் அந்த எலெக்ட்ரான்கள் அலையின் ஆற்றலை விழுங்கிவிடுகின்றன. 1956 பிப்ரவரி 23இல் நிகழ்ந்த பெரும் சூரிய வெடிப்பு இந்த உண்மையை உணர்த்தியது.

அப்படியானால், முனை நகர்ந்தால் மௌனப் பகுதியும் கூடவே நகருமா? பெரும்பாலும் இல்லை. தரையில் தோன்றும் காந்தப்புல ஒழுங்கின்மைகள் உயரே செல்லச் செல்ல மங்கிவிடுகின்றன. விண்வெளியில் புவி ஒரு பெரும் சட்டக் காந்தம் போலவே செயல்படுகிறது. 1900 முதல் 2020 வரை ஊசி காட்டும் வட முனை 2,000 கி.மீ.க்கு மேல் நகர்ந்தது. சட்டக் காந்த அச்சின் முனையோ ஏறத்தாழ 2 பாகையே நகர்ந்தது.

நம் நாட்டு ஆய்வு நிலையங்களே இதற்குச் சான்று. அண்டார்க்டிகாவில் 1989இல் அமைந்த மைத்ரி 70°46′ தென் அட்சரேகையிலும், 2012இல் அமைந்த பாரதி 69°24′ தென் அட்சரேகையிலும் உள்ளன. காந்த அட்சரேகைக் கணக்கிலோ மைத்ரி 63 பாகைக்கு அருகிலும், பாரதி 75 பாகைக்கு அருகிலும் இருக்கின்றன. ஆகவே புரோட்டான் மழை பொழியும்போது பாரதி அதன் நடுவிலும், மைத்ரி அதன் விளிம்பிலும் நிற்கின்றன.

2019இல் ஏர் இந்தியா விமானம் டில்லியிலிருந்து வட துருவப் பகுதி வழியே சான்பிரான்சிஸ்கோ சென்றது. 82 பாகைக்கு அப்பால் நிலையான செயற்கைக்கோள்கள் எட்டுவதில்லை. அங்கே சிற்றலை முக்கியத் துணை. சூரியன் சீறும்போது விமானங்கள் எரிபொருள் செலவையும் பாராமல் தெற்கே விலகிச் செல்ல வேண்டியிருக்கும். திசையறிய ஊசியின் முனை வேண்டும். வானொலியின் மௌனத்தை முன்னறியவோ மற்ற முனையே வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது!