ஊர் என எழுதப்படாத ஊர்கள்

பள்ளிக்கூடத்தில் புதிய மாணவரைச் சேர்க்கும் நாளன்று இடாப்பை விரித்து வைத்துக்கொண்டு "எந்த ஊர்?" என்று கேட்கிறோம். பதுளை நகரத்துப் பிள்ளை தெருவின் பெயரைச் சொல்கிறது. அயற் கிராமத்துப் பிள்ளை கிராமத்தின் பெயரைச் சொல்கிறது. தோட்டத்துப் பிள்ளையோ "கீழ்ப்பிரிவு, சேர்" என்கிறது. மேலும் வினவினால் தோட்டத்தின் ஆங்கிலப் பெயரொன்று வரும். அதற்கு மேல் லயம், அவ்வளவுதான். தலைமுறை தலைமுறையாக மனிதர் பிறந்து வாழ்ந்து மாயும் ஓரிடத்துக்கு ஊர் என்னும் பெயர் ஏன் கிட்டவில்லை? இதை அறிய ஊவாவின் நிலத்தையும் அதன் மக்கட்டொகையையும் ஒருங்கே நோக்க வேண்டியிருக்கிறது.

பதுளை நகரம் கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் அமைந்தது. தெற்கே நமுனுகுலை மலை 6,600 அடிக்கும் மேலே எழுந்து நிற்கிறது. பதுளு ஓயா நகரை அணைந்து ஓடி, துன்கிந்தையில் அருவியாய் வீழ்ந்து, பின்னர் மகாவலியோடு கலக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்குகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் வீசும் அந்த வறட்காற்றுப் பட்ட கொழுந்துக்கே உலகச் சந்தை மதிக்கும் தனி மணம் உண்டு. அதே காற்றில் கொழுந்தெடுப்பவளின் உதடு வெடிப்பதைத் தேயிலைப் பெட்டியின் மேல் யாரும் அச்சிடுவதில்லை.

இந்நிலத்தை மேலிருந்து பார்ப்பவனுக்கு ஓர் அமைப்புத் தெளிவாகத் தெரியும். பள்ளத்தில் வயலும் சிங்களக் கிராமமும். மேட்டில் தேயிலையும் தமிழர் லயமும். இஃது இயற்கை வகுத்த பிரிவன்று. 1817-18 இல் ஊவா, வெல்லஸ்ஸ மக்கள் ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். கிராமங்களை எரித்தும் விளைச்சலை அழித்தும் அக்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. பின்னர் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் மேட்டு நிலத்தையும் முடிக்குரியவை என்றாக்கியது. சேனைப் பயிர் செய்தும் மாடு மேய்த்தும் வந்த விவசாயியிடம் பத்திரம் ஏது? அம்மேடுகள் காப்பித் தோட்டங்களாயின. கீழே இருந்தவனின் நிலம் போயிற்று; அந்நிலத்தில் உழைக்கத் தென்னிந்தியாவின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மற்றொருவன் கொண்டுவரப்பட்டான். இவ்விருவரும் ஒருவரையொருவர் பகைவரெனக் கருதுமாறு செய்யப்பட்டதே இம்மாகாண வரலாற்றின் பெருங்கேடு என்பது நம் துணிபு.

காப்பிக்கு வந்தவர்கள் பழம் பறிக்கும் காலம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். 1869 முதல் பரவிய இலைநோய் காப்பியை அழித்தது. அதனிடத்தைப் பிடித்த தேயிலை அப்படிப்பட்ட பயிரன்று. ஆண்டு முழுதும் கை கேட்கும் பயிர் அது. பெண்ணின் கையும் அதற்கு வேண்டும். ஆகவே குடும்பங்கள் வந்தன, லயங்கள் நிலைத்தன. இருப்புப்பாதை 1894 இல் பண்டாரவளையையும் 1924 இல் பதுளையையும் எட்டியது. பசறை, மடுல்சீமை, லுணுகலை, அப்புத்தளை எங்கும் மக்கள் பெருகினர்.

இம்மக்களை எண்ணாதிருந்தார் எவருமில்லை. விடிகாலையில் பெரட்டுக்களத்தில் எண்ணினார்கள். செக்றோலில் பெயர் பெயராக எழுதினார்கள். 1921 இல் ஒழிக்கப்படும் வரை, கங்காணியின் கடனைத் 'துண்டு' என்னும் சீட்டிலே எழுதி ஆளோடு சேர்த்துத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றினார்கள். 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு முதன்முறையாக இவர்களை இலங்கைத் தமிழரினின்றும் பிரித்து இந்தியத் தமிழர் எனத் தனி நிரலில் இட்டது. எண்ணிக்கை உண்டு, ஆனால் எண்ணப்பட்டவன் இவ்விடத்தவன் என்னும் ஒப்புதல் இல்லை.

ஒருமுறை இம்மக்கள் தாமே அதை நிலைநாட்ட முற்பட்டனர். 1940 இல் மலைநாடெங்கும் வேலைநிறுத்தம் மூண்டபோது, பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். துரையும் அச்சபையைக் கலந்தே நடப்பதாக இசைந்தார். சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா பொலிஸ் தடையை மீறிப் பதுளையில் பேசினார். ஊவாவை வெளியுலகிலிருந்து துண்டித்த வெள்ளமும் பொலிஸ் அடக்குமுறையும் சேர்ந்து அவ்வெழுச்சியை முறித்தன.

1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. பதுளையும் அவற்றுள் ஒன்று. மறு ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்கும் போயிற்று. இங்கே ஒரு கணக்கை வாசகர் ஊன்றிப் பார்க்க வேண்டும். சோல்பரி அரசியலமைப்பின்படி ஒரு மாகாணத்தின் ஆசனங்கள் 75,000 பேருக்கு ஒன்று, ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்று என வகுக்கப்பட்டன. 1959 எல்லை நிர்ணயத்திலும் தலைக்கணக்கில் நாடற்றவரும் சேர்க்கப்பட்டனர். அதாவது, ஆசனத்தைக் கூட்டுவதற்கு இவர்கள் தலைகள். அதில் யார் அமர்வதென்று கூறுவதற்கோ இவர்கள் எவருமல்லர்!

1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைப் பங்கிட்டனர்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வோம் என விட்டனர். தலைமன்னார் சென்ற வண்டிகளில் ஒரே குடும்பம் இரு நாட்டுப் பிரசைகளாய்ப் பிரிந்து போயிற்று. நாடு முழுவதிலும் இந்தியத் தமிழர் தொகை 1971 இல் சுமார் 11 இலட்சத்து 75 ஆயிரம். 1981 இல் சுமார் 8 இலட்சத்து 19 ஆயிரம். எஞ்சியோரின் நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003 வரை காத்திருந்தது.

2012 குடிசன மதிப்பின்படி பதுளை மாவட்டத்தில் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். ஐவருள் ஒருவருக்குச் சற்றுக் குறைவாக மலையகத் தமிழர். அம்மதிப்பு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாக வகுத்தது. இருபது ஏக்கரும் அங்கேயே வதியும் தொழிலாளர் பதின்மரும் இருந்தால் அது தோட்டம். அங்கு எத்தனை நூறு குடும்பம் வாழினும் அது கிராமமாகாது. இஃது வெறும் சொல்லாராய்ச்சியன்று. 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, சபைப் பணம் லயத்து வாசலுக்குப் போவதற்குத் தடையாயிருந்தது. வாக்குப் பெற்ற பின்னரும் தம் வாக்கால் அமைந்த சபையிடம் ஒரு பாதை கேட்க முடியவில்லை. அப்பிரிவு 2018 இலேதான் திருத்தப்பட்டது.

அதற்கு நான்காண்டு முன்னர், 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலையில், கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. அவ்விடம் ஆபத்தானதென்று 2005 இலேயே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. ஆயினும் வேறு நிலமும் வீடும் கிடைக்காதவர் எங்கே பெயர்வது? புதையுண்டவர் எத்தனை பேர் என்பதை உடனே சொல்ல எவராலும் இயலவில்லை. முதலில் நூற்றுக்கணக்கில் என்றனர். நாள் செல்லச் செல்ல எண் குறைந்துகொண்டே வந்தது. நாள்தோறும் பெரட்டில் எண்ணப்பட்ட மக்கள் அவர்கள். அன்று காலை பள்ளிக்குப் புறப்பட்டுவிட்டதால் பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். அவர்கள் திரும்பி வந்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு கிடந்தது.