பின்னால் ஒரு அங்குலம்

வில் வண்டி என்றால் உங்களில் பாதிப் பேருக்காவது தெரிந்திருக்கும். அச்சுக்கும் கூண்டுக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகள். கட்டை வண்டியில் போனால் இடுப்பு எலும்பு எண்ணிக்கை சொல்லும். வில் வண்டியில் பண்ணையார் தூங்கிக்கொண்டே போவார். குதிரை வண்டிக்குப் பிறந்த அந்த வில், லாரிக்கும் ஜீப்புக்கும் அப்படியே வந்து சேர்ந்தது. பெயர்கூடப் பெரிதாக மாறவில்லை. எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் 'பட்டை' என்றுதான் சொல்வார்.

கள்ளக்குறிச்சிப் பக்கம் பட்டை என்றால் 'ஏத்துறது'தான். கரும்பு லோடு, மரவள்ளி லோடு, கல்வராயன் மலைக்கு ஆட்களை அடைத்துக்கொண்டு ஏறும் ஜீப்... எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றுதான். கூட ஒரு பட்டை போடு, பின்பக்கத்தைத் தூக்கு. 'இறக்கணும்' என்று அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள், உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

ஆனால் நம்ம ஊரில், அதாவது மெட்ராஸில் தயாரான ஒரு காருக்குப் பின்பக்கத்தை இறக்குவதுதான் வைத்தியமாக இருந்தது. அந்தக் கார், ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்.

1959-ல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் வெளிவந்தது. உருவம் கொடுத்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலாட்டி. அழகான கார். 948 சி.சி. எஞ்சின். லண்டன் டாக்ஸி போல வெறும் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கம்பெனி இதை மெட்ராஸில் தயாரித்தது. அம்பாஸடர், ஃபியட், ஹெரால்ட். அன்றைக்கு இந்தியனுக்கு வாய்த்தவை இந்த மூன்றுதான். அதையும் காசு கட்டிவிட்டுக் காத்திருந்து வாங்க வேண்டும்.

மற்ற இரண்டிலும் பின் சக்கரங்கள் ஒரே இரும்பு அச்சில் இருக்கும். மாட்டு வண்டி மாதிரி. ஹெரால்டில் அப்படி இல்லை. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். கேட்க நவீனமாக இருக்கிறது, இல்லையா? செய்த விதம்தான் சிக்கனம். நடுவில் கிரவுன். அதன் தலைமேல் குறுக்காக ஒரே ஒரு பட்டைக் கட்டு. அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள். நான் பி.காம். ஆசாமி. ஒரு ஸ்பிரிங்கில் இரண்டு சக்கரத்தின் வேலையை முடித்தவனைப் பார்த்தால் கை குலுக்கத்தான் தோன்றும்.

சிக்கல் எங்கே என்றால், அச்சு மடங்குவது கிரவுன் பக்கத்தில் மட்டும்தான். சக்கரத்துப் பக்கம் மடங்காது. இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, உள்ளங்கைகளைப் போலீஸ்காரர் 'நில்' காட்டுவதுபோல் நிமிர்த்தி வையுங்கள். உள்ளங்கைகள்தான் சக்கரம். மணிக்கட்டை அசைக்கக்கூடாது. இப்போது உங்கள் உடம்பு மேலே எழுகிறது, உள்ளங்கைகள் இருந்த உயரத்திலேயே நிற்கின்றன என்று வையுங்கள். கைகள் சரியும். விரல் நுனிகள் வெளிப்பக்கம் சாயும், உள்ளங்கையின் அடி உள்ளே போகும்.

காரிலும் அதேதான். வளைவில் வேகமாகத் திரும்பும்போது பின்பக்கம் மேலே எழும்பும். பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலோ, பிரேக்கை மிதித்தாலோ இன்னும் எழும்பும். சக்கரம் அடிப்பக்கம் மடங்கி, டயரின் விளிம்பு மட்டும் ரோட்டில் நிற்கும். பிடிமானம் போச்சு. பின்பக்கம் உங்களை முந்திக்கொண்டு வரப் பார்க்கும்.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு வெள்ளிமலைக்கு ஏறும் பாதையை யோசித்துப் பாருங்கள். ஏறும்போது ஹெரால்டுக்கு ஒன்றும் ஆகாது. அந்த 25 அடி வட்டத்துக்கு வளைவுகள் லட்டு மாதிரி. இறங்கும்போதுதான் விஷயம். எதிரில் ஒரு பஸ், டிரைவர் செய்யும் முதல் காரியம் என்ன? காலை எடுப்பது. எது செய்யக் கூடாதோ, அதைத்தான் கால் தானாகச் செய்யும்.

இது ஹெரால்டின் தனிப் பாவம் இல்லை. இந்த வகை அச்சுக்கு எட்மண்ட் ரம்ப்ளர் 1903-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் இதே சமாசாரம்தான். அமெரிக்காவில் ஷெவர்லே கார்வேர் என்ற காரில் இதை வைத்து, ரால்ஃப் நேடர் 1965-ல் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே அதைப் பற்றியதாகிப்போனது.

ஹெரால்டின் சேஸிஸிலிருந்து பிறந்த ஸ்போர்ட்ஸ் கார் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். 1962-ல் வந்தது. பின்பக்கம் அதே பட்டை, அதே அச்சு, வேகம் மட்டும் அதிகம். ரேஸ் பைத்தியங்கள் சும்மா இருப்பார்களா? வீட்டு ஷெட்டிலேயே வைத்தியம் ஆரம்பமானது. கிரவுனுக்கும் பட்டைக்கும் நடுவே ஓர் அங்குலக் கட்டையைச் செருகி, நீளமான போல்ட் போட்டு முடுக்கினார்கள். பட்டையின் நடுப்பகுதி ஓர் அங்குலம் உயர, கார் அந்த அளவு கீழே உட்கார்ந்தது. சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்தது. வளைவில் எவ்வளவு எழும்பினாலும் நேராவதற்குக் கொஞ்சம் பாக்கி இருந்தது.

இன்னும் சிலர் பட்டைக் கட்டிலிருந்து ஒரு பட்டையைக் கழற்றினார்கள். கார் இறங்கும், கூடவே கெட்டித்தன்மையும் இறங்கும். குழியில் விழுந்தால் அச்சு போய்ச் சேஸிஸில் முட்டும். மூன்றாவது கோஷ்டி மகா மோசம்: பட்டையை நெருப்பில் காய்ச்சி வளைவைக் குறைப்பது. எஃகுக்குப் பதம் கொடுத்ததே சூட்டினால்தான். தாறுமாறாகக் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். பிறகு அது ஸ்பிரிங் இல்லை, வெறும் தகடு. என்றைக்கு உடையும் என்று யாருக்கும் தெரியாது. மலையில் உடைந்தால்? வேண்டாம், விடுங்கள்.

சரியாகச் செய்தாலும் செலவு உண்டு. டயரின் உள்விளிம்பு சீக்கிரம் தேயும். ஷாக் அப்சார்பருக்கு ஓட இடம் குறையும். சைலன்ஸர் ஸ்பீட் பிரேக்கரில் தட்டும். சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் இதெல்லாம் பிரச்னையே இல்லை. அங்கே குழி கிடையாது, குடும்பமும் பின் சீட்டில் கிடையாது. சாதாரண ஹெரால்ட்காரருக்கு இரண்டுமே உண்டு.

கம்பெனிக்கும் விஷயம் தெரியாமல் இல்லை. இங்கிலாந்தில் 1970-ல் வந்த ஸ்பிட்ஃபயரில், கீழ்ப் பட்டையை மட்டும் கிரவுனோடு இறுக்கிவிட்டு, மற்ற பட்டைகளை ஊஞ்சல்போல் ஆடவிட்டார்கள். வியாதி பெருமளவு அடங்கியது. நம்ம ஊர்க் கதை வேறு. இங்கே வாங்கினவர்களுக்கும் அந்தப் பின் அச்சு பிடிக்கவில்லை, மெக்கானிக்குகளுக்கும் பிடிக்கவில்லை. ஸ்டாண்டர்ட் கம்பெனி 1968-ல் இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டைக்கூடக் கொடுத்துப் பார்த்தது. கதவு கூடியது, அச்சு மாறவில்லை. கடைசியில் 1972-ல் ஹெரால்டைத் திருத்திக் கெஸல் என்று இறக்கியபோது, அச்சைத் தூக்கிப் போட்டுவிட்டு பழைய ஒற்றை அச்சுக்கே திரும்பியது. மாட்டு வண்டி ஜெயித்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்! ஆனால் அந்தக் காரும் 1977-ல் நின்றுபோனது.

சென்னையில் பழைய கார் ஊர்வலங்களில் இன்றும் ஹெரால்டுகள் வருகின்றன. பார்த்தால் பின்னால் போய் நில்லுங்கள். சக்கரங்களின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தால் யாரோ கட்டை வைத்திருக்கிறார் என்று அர்த்தம். அல்லது அறுபது வருஷத்தில் பட்டை தளர்ந்து, கார் தானாகவே உட்கார்ந்துவிட்டது. எது என்று தெரிய வேண்டுமானால் ஓனரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டியதுதான்.