ஒரு முல்லா, ரெண்டு சட்டம்

முல்லான்னு சொன்னதும் நம்மில் பலருக்கு கழுதையோட வர்ற நஸ்ருதீன் முல்லாதான் ஞாபகத்துக்கு வருவார். வக்கீல் நண்பர்கள் இருந்தா கேட்டுப் பாருங்க, அவங்களுக்கு முல்லான்னா வேற ஆள். சர் தின்ஷா பர்துன்ஜி முல்லா (1868-1934), பம்பாய்க்காரர். பேரை வச்சு முஸ்லிம்னு நினைச்சுடாதீங்க, பார்சி. இந்து சட்டத்துக்கு புத்தகம் எழுதினவர் இவர். முகமதிய சட்டத்துக்கு எழுதினவரும் இவரேதான்! ரெண்டு மதத்தையும் சேராத ஒருத்தர் எழுதினதை ரெண்டு தரப்பு வக்கீல்களும் இன்னிக்கும் புரட்டிக்கிட்டு இருக்காங்க. எப்படி இது நடந்தது?

அதுக்கு ஒரு சொலிசிட்டர் கம்பெனியிலேர்ந்து ஆரம்பிக்கணும். 1895-ல் தின்ஷாவும் அவரோட சகோதரர் ருஸ்தம்ஜியும் சேர்ந்து பம்பாயில் 'முல்லா & முல்லா'வை ஆரம்பிச்சாங்க. அந்தக் காலத்து பம்பாய் ஹைகோர்ட்டின் ஒரிஜினல் சைடில் கட்சிக்காரர் நேரா பாரிஸ்டர்கிட்ட போய்விட முடியாது. முதல்ல சொலிசிட்டர். கதை முழுக்கக் கேட்டு, பத்திரங்களைப் படிச்சு, முன் தீர்ப்புகளைத் தேடி, கட்டு கட்டித் தர்றது அவர் வேலை. கோர்ட்டில் எழுந்து நின்னு பேசி பேர் வாங்கிட்டுப் போறது பாரிஸ்டர். (டெவலப்பர் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செஞ்சதை மேனேஜர் கிளையண்ட் முன்னாடி டெமோ காட்டுற மாதிரின்னு வச்சுக்கோங்களேன் :-))

அப்போ சட்டத்தைத் தேடுறது லேசுப்பட்ட வேலை இல்லை. நம்மூர் உதாரணமே ஒண்ணு இருக்கு. ராமநாதபுரம் ஜமீன் வழக்கு. ஜமீன்தார் இறந்தபின் ராணி ஒரு பையனைத் தத்து எடுத்தார். கணவர் அனுமதி தராம விதவை தத்தெடுக்கலாமா? செல்லாதுன்னு சொல்லி ஜமீனுக்கே உரிமை கொண்டாடியது சர்க்கார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு. 1868-ல் வந்த தீர்ப்பு: கணவரோட உறவினர்கள் சம்மதிச்சா திராவிட தேசத்தில் அந்தத் தத்து செல்லும், தெளிவா நிரூபிக்கப்பட்ட வழக்கம், எழுதி வச்ச சாஸ்திரத்தையும் மிஞ்சும். ஒரு ஜமீனே இந்த ஒரு கேள்வியில் தொங்கிக்கிட்டு இருந்தது!

ஆக, சட்டம் பாதி சமஸ்கிருதத்தில், பாதி ஊர் வழக்கத்தில், மீதி தீர்ப்புத் தொகுதிகளில். டாகுமெண்டேஷனே இல்லாத லெகசி சிஸ்டம் மாதிரி. தின்ஷா செஞ்சது அந்த டாகுமெண்டேஷன். விதியை எண் போட்டு சுருக்கமா எழுதுவார். கீழே விளக்கம், உதாரணம், எந்த வழக்குங்கிற விவரம். அவ்வளவுதான். பிரெடரிக் பொல்லாக்கோட சேர்ந்து எழுதின ஒப்பந்தச் சட்ட உரை 1905-ல் வந்தது, இந்து சட்டம் 1912-ல். சிவில் நடைமுறைக்கும் உரை எழுதினார். 1930-ல் அந்தப் பிரிவி கவுன்சிலிலேயே நீதிபதியா போய் உட்கார்ந்தார்.

எனக்கு ஆச்சரியம் என்னன்னா, தொழில் ரகசியத்தை அவர் பூட்டி வைக்கலைங்கிறதுதான். பழைய கம்பெனிகளோட பலமே அலமாரியில இருக்கிற கட்டுகளும் சீனியர் தலைக்குள்ள இருக்கிற அனுபவமும்தான். இவர் அதை அச்சடிச்சு வித்துட்டார். எதிர்க்கட்சி வக்கீலும் வாங்கலாம், மொபசல் கோர்ட்டில் புதுசா கவுன் மாட்டினவரும் வாங்கலாம். பம்பாய்க்கு சொலிசிட்டர் தேடி வராத ஊரிலெல்லாம் அந்தப் பேர் போய்ச் சேர்ந்தது அப்படித்தான்.

இதுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. இது தனி மனுஷர் எழுதின புத்தகம், சட்டசபை போட்ட சட்டம் இல்லை. ஆனா ஒரு வரி எண்ணோட அச்சாகிட்டா அதை மீறி "எங்க ஊர்ல வழக்கம் வேற"ன்னு நிரூபிக்கிறது கட்சிக்காரர் தலையில் விழுது. ராமநாதபுரத்தில் ஜெயிச்ச 'வழக்கம்', புத்தகத்தில் ஏறினப்புறம் அசையாம உறைஞ்சு போகவும் வாய்ப்பு இருக்கு. சொத்து கேட்டு வர்ற ஒரு விதவைக்கோ மகளுக்கோ இது சின்ன விஷயம் இல்லை. அவங்க பங்கை மாத்தினது உரை இல்லை, சட்டமன்றங்கள்தான்: 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு தந்த 1989 தமிழ்நாடு திருத்தம், அதையே நாடு முழுக்கக் கொண்டுவந்த 2005 திருத்தம்.

புத்தகமும் கூடவே மாறிக்கிட்டு வருது. தின்ஷா போனபிறகும் வேற வேற ஆட்கள் திருத்தி புதுப் பதிப்பு போடறாங்க. முகமதிய சட்டத்தைத் திருத்தினவர்களில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியா இருந்த ஹிதாயத்துல்லாவும் ஒருத்தர். அந்தக் கம்பெனி பின்னாடி ஒரு வெள்ளைக்கார கம்பெனியோட சேர்ந்து 'முல்லா & முல்லா & கிரேகி பிளண்ட் & கேரோ'ன்னு ரயில் மாதிரி பேரோட இன்னும் மும்பை கோட்டைப் பகுதியில் நடக்குது. அந்த நீளப் பேரை முழுசா சொல்லத் தெரியாத வக்கீலுக்கும் முதல் வார்த்தை மட்டும் நல்லா தெரியும்.