கைத்தொலைபேசிக்குள் அடங்காத முதலாந்தரம்

2020 மார்ச் 13ஆம் திகதி கொரோனா காரணமாக நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வந்தாறுமூலையில் நான் கற்பித்த முதலாந்தரப் பிள்ளைகள் வகுப்புக்கு வந்து இரண்டு மாதமளவே ஆகியிருந்தது. பென்சில் பிடிக்கப் பழகியிருந்தார்கள், அவ்வளவுதான்.

பாடசாலை மூடப்படுவது எமக்குப் புதிதல்ல. 1990இல் இவ்வூரின் கிழக்குப் பல்கலைக்கழகமே அகதி முகாமாக இருந்தது. செப்டெம்பர் 5இல் அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டார்கள். யுத்த காலத்தில் மரநிழலிலாவது பிள்ளைகளைச் சேர்த்து இருத்தலாம். கொரோனாவிலோ சேர்ந்திருப்பதே ஆபத்து.

கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளம் இருந்தது. நேத்ரா தொலைக்காட்சியில் தமிழ்ப் பாடங்கள் போயின. ஆனால் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உள்ள வீடுகளில் 34 வீதமானவற்றிலேயே இணைய இணைப்பு இருந்ததாக லேர்ன் ஏசியாவின் 2018 ஆய்வு கூறுகிறது. எமது வட்ஸ்அப் குழுவிலும் அதைத்தான் கண்டேன். இருக்கும் ஒரு போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். அது வீடு வரும்போது பிள்ளை உறங்கியிருக்கும்.

ஆகவே செயலட்டைகளைக் கடையொன்றில் வைத்தோம். பெற்றார் எடுத்துச்சென்று அடுத்த வாரம் திருப்பித் தந்தார்கள். சில தாள்கள் பிழையே இல்லாமல் வந்தன. அது பெரியவர்களின் கையெழுத்து. வேறு சில வெறுமையாகவே வந்தன. விசாரித்தபோது ஒரு தாய் சொன்னார்: "சேர், நான் மூண்டாம் வகுப்போட இடம்பெயர்ந்தனான். இதில என்ன இருக்கெண்டு முதல்ல எனக்குச் சொல்லுங்க."

தொலைக்கல்வி வீட்டில் இன்னொரு ஆசிரியர் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. யுத்தம் படிப்பைப் பறித்த தாயிடமே அந்த வேலையைக் கொடுத்திருந்தோம். அதன்பின் ஒவ்வொரு செயலட்டைக்கும் தாய்க்கென்று தனியாகக் குரல்பதிவு அனுப்பினேன். போன் இல்லாத வீடுகளுக்கு, கடையில் தாளை எடுக்க வரும்போதே வாய்மொழியாகச் சொல்லிவிடுவோம். எழுத்தைவிட இது உதவியது.

இடையில் சில மாதங்கள் பாடசாலை திறந்து, 2021 ஏப்ரல் இறுதியில் மீண்டும் மூடப்பட்டது. ஜூலை 12 முதல் சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர் சங்கங்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகின. கோரிக்கை நியாயமானதே. எமது செயலட்டைகளும் நின்றுபோயின என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒக்டோபரில் ஆரம்பப் பிரிவுகள் திறந்தபோது அவர்கள் இரண்டாந்தரம். ஒரு சிறுவனை வாசிக்கச் சொன்னேன். என் குரல்பதிவில் இருந்த அதே ஏற்ற இறக்கத்தோடு ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்புவித்தான். விரலோ வேறு வரியில் இருந்தது.