சாவி யாரிடம்?

பிட்காயின் வாங்க விரும்புவோருக்கு இன்று பல செயலிகள் உள்ளன. எதை நம்புவது? டோக்கியோவில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு விடை தரும்.

ஜெட் மெக்கேலப் என்ற அமெரிக்கர் 2010இல் 'மவுண்ட் காக்ஸ்' என்னும் பிட்காயின் சந்தையைத் தொடங்கினார். விளையாட்டுச் சீட்டு வணிகத்திற்காக அவர் முன்பே வைத்திருந்த இணையப் பெயர் அது. 2011இல் அது மார்க் கார்ப்பெலெஸ் என்பவர் கைக்கு மாறி, டோக்கியோவிலிருந்து இயங்கிற்று. 2013இல் உலகப் பிட்காயின் வணிகத்தில் பெரும்பகுதி அங்கேதான் நடைபெற்றது.

2014 பிப்ரவரியில் அச்சந்தை திடீரென நொடித்தது. சுமார் 8,50,000 பிட்காயின்களைக் காணவில்லை! பின்னர் ஏறத்தாழ 2,00,000 மட்டும் பழைய கணக்கொன்றில் அகப்பட்டன. முதலீட்டாளர்களுக்குப் பிட்காயின்களைத் திருப்பித் தரும் பணி 2024 ஜூலையில்தான் தொடங்கியது.

காரணம் என்ன? பிட்காயினுக்கு உருவம் இல்லை. அதற்குரிய ரகசிய எண்ணாகிய சாவியை வைத்திருப்பவரே அதைச் செலவிட இயலும். சந்தையில் விட்டுவைத்தால் சாவி நிறுவனத்திடம் இருக்கும். நம் திரையில் தெரிவது பேரேட்டின் வரவு மட்டுமே. பெட்டகம் காலியானாலும் பேரேட்டில் எண் அப்படியே நிற்கும்.

2017 ஏப்ரல் முதல் இத்தகைய சந்தைகள் பதிவு பெற வேண்டும் என ஜப்பான் சட்டமாக்கியது.

ஆகவே செயலியின் அழகையும் குறைந்த கட்டணத்தையும் மட்டும் பாராதீர்கள். அது பதிவு பெற்றதா? வாங்கியதை வெளியே எடுக்க விடுகிறதா? சாவி யாரிடம்? இவற்றை முதலில் கேளுங்கள்.