வியர்வையைப் பிடிப்பது எப்படி?

பி.காம் படிக்கிறவனுக்கு வியர்வையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கடைசியில் இதுவும் கணக்கு விஷயம்தான்!

1948 கோடையில் நியூயார்க்கில் கடும் வெயில். மயங்கிய நிலையில் மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளில் பலருக்கு 'சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்' இருந்தது. நுரையீரலையும் கணையத்தையும் கெட்டியான சளி அடைத்துக்கொள்ளும் பரம்பரை நோய் அது. அந்தக் குழந்தைகள் மட்டும் ஏன் வெயிலுக்குச் சுருண்டு விழுகிறார்கள்? பால் டி சான்ட் ஆக்னீஸ் என்ற மருத்துவர் இதைத் துருவி, அவர்களின் வியர்வையில் மற்றவர்களைவிடப் பல மடங்கு உப்பு வெளியேறுகிறது என்று 1953-இல் காட்டினார். உப்புக் கரிக்கும் குழந்தை பிழைக்காது என்று ஐரோப்பாவில் பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. அதற்குப் பின்னால் இருந்தது இந்த நோயாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, வியர்வையைச் சோதித்தால் நோய் தெரிந்துவிடும். ஆனால் கைக்குழந்தையிடம் வியர்வையை எப்படி வாங்குவது? ஆரம்பத்தில் குழந்தையைக் கழுத்துவரை பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, போர்வையால் சுற்றி வியர்க்க வைத்தார்கள். படிக்கும்போதே பகீர் என்றது. வெயில் தாங்காத குழந்தைக்கு வெப்பத்தாலேயே சோதனை! உயிருக்கே ஆபத்தான முறை அது.

1959-இல் கிப்சன், குக் என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். பைலோகார்பின் என்ற மருந்தை மெல்லிய மின்சாரத்தால் கைத்தோலுக்குள் செலுத்தினால், அந்த இடம் மட்டும் வியர்க்கும். அதன்மேல் காஸ் துணியையோ ஃபில்டர் பேப்பரையோ மூடி வைத்து, எடை போட்டு, உப்பை அளப்பார்கள்.

இங்கேதான் நம்ம பாடம் வருகிறது. எடை போடுவதற்குள் தண்ணீர் ஆவியாகலாம், ஆனால் உப்பு ஆவியாகாது. ரேஷியோ அனாலிசிஸ் படித்தவர்களுக்குத் தெரியும், கீழே உள்ள எண் குறைந்தால் விகிதம் ஏறும். லிட்டருக்கு 60 மில்லிமோல் குளோரைடு இருந்தால் நோய் என்பது இன்றைய கணக்கு. 100 மில்லிகிராம் வியர்வையில் 15 ஆவியாகிவிட்டால் 52 என்பது 61 ஆகிவிடும். நோய் உறுதியாகாத குழந்தைக்கு நோய் என்று எழுதிவிடுவார்கள். பேப்பரை வெறும் கையால் தொட்டாலும் நம் விரலின் உப்பு சேர்ந்துவிடும், அதனால் இடுக்கிதான்.

தலைகீழாகவும் நடக்கும். வியர்வை மெதுவாகச் சுரந்தால், நாளத்தில் வரும் வழியிலேயே தோல் உப்பைத் திரும்ப இழுத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. அளவு குறைவாகத் தெரிந்து, நோயுள்ள குழந்தை தப்பாக வீட்டுக்கு அனுப்பப்படலாம். அதனால்தான் 30 நிமிடத்தில் 75 மில்லிகிராமாவது சேர வேண்டும், சேராவிட்டால் அந்த மாதிரியைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று விதி வைத்தார்கள்.

1980-களில் சுருள் வடிவப் பிளாஸ்டிக் குழாய் வந்தது. வியர்வை தோலிலிருந்து நேராகக் குழாய்க்குள் போகும், எடை போடுகிற வேலையும் இல்லை. அதிலும் குறைந்தது 15 மைக்ரோலிட்டர் வேண்டும். பச்சைக்குழந்தைகளிடம் அதுவும் கிடைக்காமல், இன்னொரு நாள் வரச் சொல்லி அனுப்புவது இன்றும் நடக்கிறது.